வெங்காயமும் ஜல்லியும்

பனியன் கம்பெனியில் ஷிப்பிங் செக்‌ஷனில் உட்கார்ந்திருப்பவருக்கு வரும் சேதிகளில் பாதிக்கு மேல் தேதி மாறிய சேதிதான். கப்பல் இரண்டு நாள் பிந்துகிறது. கண்டெய்னர் கொழும்பில் இறங்கிவிட்டது, பெரிய கப்பலில் இன்னும் ஏறவில்லை. இந்த வாரக் கப்பல் தூத்துக்குடிக்கு வராமலே போகிறது, அடுத்த வாரம் இடம் இருந்தால் பார்க்கலாம். திருப்பூர் பல்லடம் ரோட்டில் வீரபாண்டிப் பிரிவில் பஸ்ஸை விட்டு இறங்கி, நிட்டிங் மெஷின் சத்தத்தைத் தாண்டி ஆபீசுக்குள் நுழைந்தால், இப்படி ஏதாவது ஒன்று எனக்காகக் காத்திருக்கும். தூத்துக்குடிக் கடல் இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே அடிக்கும் காற்று இங்கே தையல் டேபிள் வரைக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது.

எங்கள் சரக்கு போகும் வழியைச் சொன்னால் இது விளங்கும். சாயங்காலம் லோடு ஏற்றிய லாரி தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை என்று இரவெல்லாம் ஓடி விடியும்போது தூத்துக்குடியில் நிற்கும். அங்கே சுங்கச் சோதனை முடிந்து ஃபீடர் என்று சொல்கிற சின்னக் கப்பலில் ஏறும். ஃபீடர் மன்னார் வளைகுடாவைக் கடந்து கொழும்புக்குப் போகும். கொழும்பில் மதர் வெசல் எனப்படும் பெரிய கப்பல். அது வழக்கமாகச் செங்கடல், சூயஸ் வழியாக ஐரோப்பாவுக்கோ, இன்னொரு கடலைத் தாண்டி அமெரிக்காவுக்கோ போகும். அமெரிக்கா போகிற பெட்டிகளில் சில கரீபியன் கடலில் ஜமைக்காவின் கிங்ஸ்டன், பஹாமாஸின் ஃப்ரீபோர்ட் மாதிரியான தீவுத் துறைமுகங்களில் மறுபடியும் கப்பல் மாறும். 2024 ஜூலை முதல் வாரம் பெரில் புயல் ஜமைக்காவை ஒட்டிப் போனபோது, நான் பார்த்தேயிராத அந்தத் தீவின் வானிலையை வீரபாண்டியில் உட்கார்ந்து கவலையோடு கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு தீவில் ஏறி இன்னொரு தீவில் இறங்கும் பயணம்தான் அந்தப் பெட்டிகளில் போகும் டி-ஷர்ட்டுகளுக்கு.

தூத்துக்குடி என் அம்மா பிறந்த ஊர். அம்மாவின் அண்ணன், என் மாமா, தோணியில் தண்டலாக இருந்தவர். இன்ஜின் வைக்காத காலத்திலேயே பாயை நம்பிப் போனவர். இலங்கையில் சண்டை மூண்டு கொழும்பு ஓட்டம் குறைந்த பிறகு மாலத்தீவுக்குப் போய்வந்தார். பழைய துறைமுகத்தில் வெங்காயம், காய்கறி, சிமெண்ட், ஜல்லி, மணல் என்று ஏற்றிக்கொண்டு புறப்படுவார்கள். பள்ளிக்கூட லீவுக்குப் போகும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, “மாமா, எப்ப திரும்பி வருவீங்க?” என்பதுதான். அதற்கு ஒரு நாளும் தேதி சொன்னதில்லை. “கடலுக்குப் போறவன் நாள் சொல்லக்கூடாது பிள்ள. நாள் சொன்னா, அந்த நாளுக்காகக் காத்தை எதுத்துப் போகச் சொல்லும் மனசு. அங்கதான் சாவு” என்பார்.

அதற்காக அவர் திட்டம் இல்லாமல் போனவர் இல்லை. புரட்டாசி தொடங்கிச் சித்திரை, வைகாசி வரைக்கும்தான் ஓட்டம். தென்மேற்குப் பருவக்காற்று முறுக்கிக்கொள்ளும் மாதங்களில் தோணிகளைக் கரையில் நிறுத்தி, பலகைச் சந்துகளில் பஞ்சு திணித்து, எண்ணெய் பூசி, பாய் தைத்துக்கொண்டிருப்பார்கள். பனிமய மாதா கோயில் திருவிழா ஆகஸ்ட் 5-இல் முடிவதும் அந்த ஓய்வுக்குள்தான் வரும். ஊரின் வருடமே காற்றைக் கேட்டு அமைந்தது. தோணியில் ஏற்றும் நன்னீரின் அளவைத்தான் நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். பீப்பாய்களை வரிசையாக வைத்துக் கையால் தட்டிப் பார்ப்பார் மாமா. போய்ச் சேரத் தேவையான தண்ணீரைப்போல இன்னொரு பங்கு இருக்கும். அரிசியும் கருவாடும் அப்படியே. சரக்கு ஏற்ற இடம் குறைகிறதே என்று முதலாளியின் கணக்குப்பிள்ளை முனகினாலும் அந்தப் பீப்பாய்களில் ஒன்றைக்கூட இறக்க விடமாட்டார்.

மாமா கதைகளில் ஒன்று என் வேலைக்கே அடிப்படையாக நின்றுவிட்டது. கார்த்திகை மாதம் மாலே போகிற வழியில் புயல் சின்னம் ஒன்று காற்றைத் திருப்பிப் போட்டுவிட்டது. மாலத்தீவு என்பது வடக்கிலிருந்து தெற்கே எண்ணூறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் ஆயிரத்துச் சொச்சம் தீவுகள். மாலே அதன் நடுவில். தோணியோ வடக்குத் தீவு ஒன்றில்தான் ஒதுங்க முடிந்தது. இனி எப்போது கிளம்பலாம் என்று தெரியாது. மாமா ஆட்களைக் கூட்டி வைத்துக் கேட்ட முதல் கேள்வி, “நம்மகிட்ட இருக்கிறதுல எது அழுகும், எது பொறுக்கும்?” வெங்காயம் அழுகும், ஜல்லி பொறுக்கும். மாலேயில் இருந்த வியாபாரிக்குத் தகவல் அனுப்பி, அவர் சம்மதம் வந்த பிறகு வெங்காயத்தை அந்தத் தீவிலேயே விற்றார்கள். ஜல்லி தோணியிலேயே கிடந்தது. காற்று திரும்பியதும் மாலேயில் போய் ஜல்லியை இறக்கிவிட்டு, வெங்காயப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தார்கள். “திட்டம் உடைஞ்சா முழுசையும் காப்பாத்த நினைக்காத. அழுகுறதை முதல்ல பாரு” என்றார் மாமா.

ஷிப்பிங் செக்‌ஷனில் சேர்ந்த பிறகு இதே கேள்வியைத்தான் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டேன். கப்பல் மாறிவிட்டதா? பதறுவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு கட்டம் போடுவேன். அழுகுவது, பொறுப்பது. பணத்துக்கு பாங்க் தரும் உத்தரவாதமான எல்.சி.யில் கடைசி ஷிப்மெண்ட் தேதி அடுத்த வாரம் என்றால் அது வெங்காயம்; உடனே பையருக்கு எழுதித் திருத்தம் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பாங்க்கில் டாக்குமெண்ட் நின்றுபோகும். கிறிஸ்துமஸ் மான் படம் போட்ட பைஜாமா வெங்காயம். டிசம்பர் 25 தாண்டினால் அதை வாங்க ஆள் இல்லை. எல்லா மாதமும் விற்கும் வெள்ளை உள்பனியன் ஜல்லி. இரண்டு வாரம் பொறுக்கும். ஒரே ஆர்டரில் இரண்டும் கலந்திருந்தால் பிரித்துவிடலாம். அவசரமானதில் கொஞ்சத்தை மட்டும் ஏர் கார்கோவில் அனுப்பிவிட்டு மிச்சத்தைக் கடலில் விடலாம். முழு லோடையும் ஏரில் அனுப்பினால் அந்த ஆர்டரில் லாபம் என்று எதுவும் மிஞ்சாது. பனியன் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

கடலால் மட்டும் திட்டம் மாறும் என்றில்லை. 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள். வீரபாண்டி, சின்னக்கரை, ஆண்டிபாளையம் என்று எங்களைச் சுற்றியிருந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எல்லாம் ஓய்ந்தன. வெள்ளைத் துணி மலையாகக் கிடந்தது, கலர் ஏற்ற இடமில்லை. ஈரோடு, பெருந்துறைப் பக்கமும், வடக்கே லூதியானா வரைக்கும்கூட ரோல்களை அனுப்பினார்கள். அந்த வாரங்களில் எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் கோபம். எனக்குக் கோபம் வரவில்லை. நொய்யலில் 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்தேன். பாசனத்துக்குக் கட்டின அணை, சாயக் கழிவு வந்து நிறைந்து, தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும்படி ஆனது. ஆற்றை நம்பி விதை வாங்கி வைத்திருந்தவர்களின் திட்டம் எங்கள் கலரால் மாறிப் பல வருடம் ஆகியிருந்தது. அவர்களுக்கு யாரும் தேதி திருத்தி எழுதி அனுப்பவில்லை. அந்தத் தீர்ப்பு எங்களுக்கு நல்லது செய்தது. உப்புநீரை வடிகட்டி, ஆவியாக்கி, சொட்டுக்கூட வெளியே விடாமல் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குப் பட்டறைகள் மாறின. இன்றைக்கு வெளிநாட்டுப் பையர் வந்தால் பெருமையாகக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிற இடம் அதுதான்.

திட்டம் மாறினால் அதன் பாரம் யார் மேல் இறங்குகிறது என்று நான் கவனிக்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான் என்று நினைக்கிறேன்.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியது. பேக்கிங் முடித்து அடுக்கியிருந்த கார்ட்டன்கள் அப்படியே நின்றன. வெளிநாட்டில் கடைகள் பூட்டியிருந்தன, இங்கே லாரி இல்லை. மெஷின் சத்தம் இல்லாத வீரபாண்டியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மே மாதம் சிறப்பு ரயில்களில் பீகாருக்கும் ஒடிசாவுக்கும், அங்கிருந்து வேலைக்கு வந்திருந்த பிள்ளைகள் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் மாஸ்க் தைத்தார்கள். மாமாவின் பேரன் அப்போது ஒரு சரக்குக் கப்பலில் மாலுமி. ஒப்பந்தம் முடிந்தும் இறங்க விடவில்லை. எந்தத் துறைமுகமும் ஆளை இறக்கச் சம்மதிக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் உலகம் முழுக்க சுமார் நான்கு லட்சம் மாலுமிகள் இப்படிக் கப்பலிலேயே சிக்கிக் கிடந்தார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்குச் சொல்லின. ஜூன் மாதம் கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். ஜலஷ்வா கொழும்பிலிருந்தும் மாலேயிலிருந்தும் நம் ஆட்களைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. அவன் அதில் இல்லை. அவனுடைய அம்மா தினமும் எனக்குப் போன் செய்து, “உங்க சரக்கு ஏறுதே, இறங்குதே, எம் புள்ள ஏன் இறங்கக்கூடாது?” என்று கேட்பார்கள். சரக்குக்கு இருந்த வழி ஆளுக்கு இல்லை. இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அடுத்த வருடம் மார்ச் 23-இல் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிக்கொண்டது. நானூறு மீட்டர் நீளக் கப்பல். மார்ச் 29 வரைக்கும் ஆறு நாள் வழி அடைபட்டது. அடைப்பு எடுபட்ட பிறகும் ஐரோப்பியத் துறைமுகங்களில் நெரிசல் தீரப் பல வாரம் ஆனது. மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது. எங்கள் கண்டெய்னர்கள் ஏறுகிற மாதிரியான ஃபீடர் கப்பல்தான் அதுவும்.

சூயஸ் அடைபட்ட அந்த நாட்களில் மாமாவுக்குப் போன் செய்தேன். வயதாகிவிட்டது, காது மந்தம். “ஆறு நாளா? அந்தக் காலத்துல எட்டு வருசம் அடைஞ்சு கெடந்துச்சு பிள்ள” என்றார். உண்மைதான். 1967 ஜூனில் போர் வந்தபோது கால்வாயின் நடுவே இருக்கும் பெரிய கசப்பு ஏரியில் பதினான்கு கப்பல்கள் மாட்டிக்கொண்டன. 1975 வரைக்கும் வெளியே வர முடியவில்லை. பிரிட்டன், ஜெர்மனி, ஸ்வீடன், போலந்து, பல்கேரியா என்று பல நாட்டுக் கப்பல்கள்; அந்த நாடுகளில் சில ஒன்றுக்கொன்று பகை. ஆனால் ஏரியில் அவர்கள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஒரு கப்பலில் ஞாயிறு வழிபாடு, இன்னொன்றில் சினிமா. 1968-இல் தங்களுக்குள் ஒலிம்பிக் போட்டி நடத்தினார்கள். தாங்களே தபால்தலை அச்சிட்டார்கள். ஆட்கள் மாறி மாறி ஊருக்குப் போய்வந்தார்கள். எந்தக் கப்பலில் எது இருக்கிறதோ அதைப் பகிர்ந்துகொண்டார்கள். கடைசியில் இரண்டு ஜெர்மன் கப்பல்கள் தங்கள் இன்ஜினிலேயே ஹாம்பர்க் போய்ச் சேர்ந்தன.

மாமாவுக்கு இந்தக் கதையைவிடப் பிடித்தது ‘அன்னபூரணி’யின் கதை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல். அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கிப் பெயர் மாற்ற, வல்வெட்டித்துறைத் தமிழர்கள் அதைச் செலுத்திக்கொண்டு சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா தீவு வழியாக 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பெர்முடா எந்தப் பக்கம் இருக்கிறது என்று மாமா தரையில் கரித்துண்டால் வரைந்து காட்டியிருக்கிறார். “நம்ம ஆளுங்க கூட்டமாப் போனாங்க, அதனால போய்ச் சேந்தாங்க” என்பார். கப்பலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் விட்டுவிடாமல் இருந்ததுதான் அவருக்கு அந்த இரண்டு கதைகளிலும் பிடித்தது. இதை நான் லேசாகத்தான் எடுத்துக்கொண்டேன். 2023 டிசம்பரில்தான் அது எனக்கு உறைத்தது.

அந்த மாதம் நடுவில், செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், டிசம்பர் 15 தொடங்கிப் பெரிய கப்பல் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வழியை நிறுத்தின. எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றி, நன்னம்பிக்கை முனை வழியாகத்தான். ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதல் தூரம், பத்து முதல் பதினான்கு நாள் கூடுதல். இந்தச் சேதியை நாங்கள் ஜீரணிப்பதற்குள், டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வானம் பொத்துக்கொண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. வழியின் அந்தக் கோடியும் போய்விட்டது, இந்தக் கோடியும் போய்விட்டது.

எங்கள் லோடு ஏற்றிய லாரி எட்டயபுரம் தாண்டி நின்றிருந்தது. டிரைவர் அண்ணனுக்குப் போன் கிடைத்தபோது இரவு. “அக்கா, முன்னால ரோடே தெரியல. பின்னாலயும் வண்டி. தார்ப்பாயை இன்னும் ஒரு சுத்து சுத்திட்டேன், கார்ட்டன் நனையாது. பக்கத்து ஊர்க்காரங்க சோறு குடுத்தாங்க” என்றார். அவர் சாப்பிட்டாரா என்று நான் கேட்பதற்கு முன்பே கார்ட்டன் நனையவில்லை என்று சொல்கிறார். பழக்கம் அப்படி. அவருக்கு நாங்கள் எல்லோரும் பழக்கிவிட்ட வரிசை அது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கடலில் பதினான்கு நாள் கூடியது. ஆனால் கடையில் துணி தொங்க வேண்டிய தேதியைப் பையர் மாற்றவில்லை. கோடைக்கால உடுப்பு கோடைக்கு முன்னால் வந்தாக வேண்டும். அப்படியானால் அந்தப் பதினான்கு நாளை எங்கிருந்து எடுப்பது? நூல் மில்லில் எடுக்க முடியாது. டையிங்கில் எடுக்க முடியாது, சாயம் பிடிக்க அதன் நேரம் வேண்டும். மிஞ்சியது கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரைக்குமான ஒன்றரை ஷிப்ட்தான் எங்கள் ஊர் வழக்கம். அது நடுராத்திரி வரை நீண்டது. சில வாரங்கள் விடிய விடிய. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போன கப்பலுக்காக வீரபாண்டியில் ஓர் அக்கா செக்கிங் டேபிளில் கண் விழித்தார். ட்யூப்லைட் வெளிச்சத்தில் டி-ஷர்ட்டை உள்புறம் திருப்பி, தோள் தையலை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்து, ஊசி ஓட்டை இருக்கிறதா என்று தடவி, நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரித்து, மறுபடி திருப்பி அடுக்குவார். ஒரு ராத்திரி, “ஏனுங்க்கா, கப்பல்தான் லேட்டுங்கறாங்க, அப்புறம் நமக்கு ஏனுங்க்கா அவசரம்?” என்று என்னிடம் கேட்டார். நான் உட்கார்ந்து ஒரு தாளில் வரைந்து காட்டினேன். ஆப்பிரிக்கா, சூயஸ், கொழும்பு. கவனமாகப் பார்த்துவிட்டு, “அப்ப இத்தனை தூரமும் நாம்பதான் ஓடறமுங்களா” என்றார்.

தூக்கம் ஒரு பக்கம், கூலி இன்னொரு பக்கம். திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை. வாரச் சம்பளத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைக் கறியும், வாடகையும், சீட்டும். தையல் வேலையில் நிறையப் பகுதியை ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சின்ன யூனிட்கள் பார்க்கின்றன. பத்து, இருபது மெஷின் போட்டிருப்பவர்கள். அவர்கள் ஆட்களுக்கு வாரா வாரம் கொடுக்க வேண்டும். அவர்களுக்குக் கம்பெனி பில் பணம் கொடுப்பது சரக்கு போன பிறகு. கம்பெனிக்குப் பையர் கொடுப்பது இன்னும் இரண்டு மூன்று மாதம் கழித்து. சில பையர்கள் சரக்கு கையில் வந்த பிறகுதான் கணக்கையே தொடங்குவார்கள். பாங்க்கில் வாங்கிய பேக்கிங் கிரெடிட் கடனுக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே மாதக் கணக்கு, கீழே வாரக் கணக்கு. கப்பல் பதினான்கு நாள் பிந்தினால் மேலே அது ஒரு வட்டிக் கணக்கு. கீழே இரண்டு சனிக்கிழமை. நகை உள்ள யூனிட்காரர் அதை அடகு வைத்து அந்தச் சனிக்கிழமைகளைத் தாண்டுவார். இல்லாதவர் சனிக்கிழமை சாயங்காலம் போனை எடுக்கமாட்டார்.

2025 ஆகஸ்டில் இது வேறு உருவத்தில் வந்தது. அமெரிக்கா ஆகஸ்ட் 7-இல் இந்தியச் சரக்குக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. 27-இலிருந்து இன்னொரு 25. அன்றைக்கு முன் கப்பலேறி, செப்டம்பர் 17-க்கு முன் அங்கே இறக்குமதி முடித்த சரக்குக்கு இரண்டாவது வரி இல்லை என்றார்கள். ஆகஸ்ட் நடுவில் தூத்துக்குடியில் ஏறும் பெட்டி நன்னம்பிக்கை முனை சுற்றி நியூயார்க் போய்ச் சேர அந்த நாட்கள் போதாது. ஏற்கெனவே கடலில் இருந்ததைத்தான் நம்ப முடிந்தது. கப்பல் எங்கே இருக்கிறது என்று ஆபீசே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. புது ஆர்டர்களில் பல நின்றன. முந்தைய வருடம் நடுராத்திரி வரை தைத்தவர்களிடம் இந்தத் தடவை, “இந்த வாரம் வேலை கம்மி, நாளைக்கு வர வேண்டாம்” என்றார்கள். கடல் நீண்டாலும் அவர்கள் மேல்தான் இறங்கியது, வரி வழியை அடைத்தாலும் அவர்கள் மேல்தான்.

மாமா இப்போது இல்லை. அவருடைய பேச்சை இத்தனை வருடம் நான் பாதிதான் பயன்படுத்தியிருக்கிறேன். அழுகுவது எது என்ற கட்டத்தில் எல்.சி. தேதியை எழுதினேன், கிறிஸ்துமஸ் பைஜாமாவை எழுதினேன், செக்கிங் அக்காவின் தூக்கத்தையும் சின்ன யூனிட்டின் சனிக்கிழமையையும் யாரும் எழுதுவதில்லை. நம் தொழிலில் மனுசன் எப்போதும் ஜல்லிக் கணக்கில்தான் இருக்கிறான்: பொறுப்பான், கிடப்பான். தோணியில் அப்படி இல்லை. இரண்டு பங்கு தண்ணீர் ஆட்களுக்காகத்தான் ஏறியது. அதற்காகச் சரக்குதான் இடம் விட்டது. அதோடு, தோணி புறப்படும் முன் அத்தை கையில் முதலாளி வீட்டிலிருந்து முன்பணம் வந்துவிடும். தோணி பிந்தினால் அதைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள். காற்று பிந்தும் என்பது முதலாளிக்கும் தெரியும், அதனால் பிந்துவதற்கான செலவு புறப்படும்போதே கணக்கில் ஏறியிருந்தது.

ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊர் நம்முடையது. இத்தனை தொழில் தெரிந்த ஊருக்குப் பழைய தோணி முதலாளி ஒருவர் செய்த கணக்கைப் போடுவது பெரிய காரியமில்லை. சில நல்ல முதலாளிகள் இங்கேயும் செய்கிறார்கள். நான் அறிந்த ஒருவர், 2023 டிசம்பர் சேதி வந்த அன்றே ஜாப் ஒர்க்காரர்களைக் கூப்பிட்டு, “பேமெண்ட் ரெண்டு வாரம் தள்ளும், ஆனா உங்க வாரச் சம்பளத்துக்கு வேண்டியதை நான் இப்பவே அட்வான்ஸாத் தர்றேன்” என்றார். பையரிடமும் உட்கார்ந்து பேசினார்: கடையில் தேதியை ஒரு வாரம் தள்ளுங்கள், மீதி ஒரு வாரத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பையர் ஒப்புக்கொண்டார். கேட்டால் கிடைக்கிறது. பெரும்பாலும் நாம் கேட்பதேயில்லை. தேதி என்று வந்துவிட்டால் தலையாட்டிவிட்டு நைட் ஷிப்ட் போட்டுவிடுகிறோம்.

செங்கடல் அமைதியானாலும் வேறொரு கடல் கொந்தளிக்கும். தூத்துக்குடியில் மறுபடி மழை பெய்யும், இறக்குமதி வரி மறுபடி மாறும். இதெல்லாம் இனி எதிர்பாராதது இல்லை. இந்தப் பதினைந்து வருடத்தில் இத்தனை பார்த்துவிட்டோம். பையருக்கு விலை சொல்ல நாம் போடும் காஸ்டிங் தாளில் நூல் செலவுக்கு என்று ஒரு வரி எழுதியிருக்கிறது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், லேபிள், எலாஸ்டிக், பாலிபேக், கார்ட்டன், ஒட்டுகிற டேப் வரைக்கும் வரி இருக்கிறது. தாமதத்துக்கு ஒரு வரி இல்லை. அந்த வரி வேண்டும். டி-ஷர்ட்டுக்கு எத்தனை காசு என்று பையரோடு உட்கார்ந்து பேசி, கப்பல் பிந்தினால் அந்தக் காசு சின்ன யூனிட்டின் சனிக்கிழமைக்கும், கூடுதல் ராத்திரிக்கான கூலிக்கும் போகும் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அடுத்த சீசன் ஆர்டருக்கு நான் தயாரித்த தாளில் அந்த வரியைச் சேர்த்து முதலாளி மேஜையில் வைத்திருக்கிறேன். மற்ற கம்பெனிகளில் என் வேலையைப் பார்ப்பவர்களும் அவரவர் தாளில் சேர்க்க வேண்டும். ஒருவர் மட்டும் கேட்டால் பையர் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார். ஊரே கேட்டால் அவர் எங்கேயும் போக முடியாது.